வாசகர் கேள்வி – பதில்: ஆய்வுச் சுவரொட்டிகளால் இசையாசிரியருக்கு என்ன பயன்?

கேள்வி: வாரநாள்களில் ஆரம்பப்பள்ளியில் இசைப் பாடம் எடுக்கிறேன், சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கர்நாடக இசை சொல்லிக்கொடுக்கிறேன். டர்பனில் நடக்கவிருக்கும் இசைக் கல்வி மாநாட்டில் ஒன்றரை மணி நேரத்தை ‘ஆய்வுச் சுவரொட்டி அமர்வு’ என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதே நேரத்தில் அடுத்த அறையில் தாளப் பயிற்சிப் பட்டறை. சுவரில் தொங்கும் தாளைப் படிப்பதற்காகப் பட்டறையை விடலாமா, ஐயா?
– இசையாசிரியை, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் வகுப்பில் விடை தெரியாத கேள்வி ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு போவதாக இருந்தால், பட்டறையைத் தாராளமாக விடலாம். சும்மா சுற்றிப் பார்க்கத்தான் என்றால் பட்டறைக்கே போங்கள். அங்கே கையாவது தாளம் போடும்.

சுவரொட்டி அமர்வில் ஆய்வாளர் தம் ஆய்வை ஒரே தாளில் அச்சிட்டுத் தொங்கவிட்டு, அதன் அருகிலேயே நிற்பார். மேடையில் கட்டுரை வாசிக்கும்போது கேள்விக்கென்று கிடைப்பது கடைசிச் சில நிமிடங்கள். அதையும் பெரும்பாலும் முன்வரிசைப் பேராசிரியர்களே எடுத்துக்கொள்வார்கள். இங்கோ ஆய்வாளரைப் பாதியில் நிறுத்தி, பிள்ளைகளுக்கு வயது என்ன, எத்தனை பேர், எத்தனை வாரம், முன்னேற்றத்தை அளந்தது கருவியா காதா என்று கேட்கலாம். வகுப்பறையைத் தினமும் பார்ப்பவருக்கு இந்தக் கேள்விகள் பேராசிரியரைவிட விரைவாகத் தோன்றும் என்பது என் எண்ணம்.

இந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்பதற்கு, முழுக் கட்டுரையாகவே வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2009இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பியானோவில் நன்கு தேர்ந்த 17 மாணவர்களிடம் ஷாஸ்டகோவிச் இயற்றிய இசையிலிருந்து கடினமான ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் பயிலச் செய்து, மறுநாள் வாசிக்கச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் பயின்றார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. பிழை நேர்ந்த இடத்தை உடனே கண்டு, அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துத் திருத்தியவர்களே முன்னணியில் நின்றார்கள். இந்த முடிவை மட்டும் ஒருவர் படித்துவிட்டு வந்தால், ‘சாதகம், அதாவது பயிற்சி, எவ்வளவு நேரம் என்பது பொருட்டல்ல’ என்று வகுப்பில் அறிவித்துவிடுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் அந்த 17 பேரும் பிழையைத் தாமே காதால் கண்டுகொள்ளத் தெரிந்தவர்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசையைத் தொடங்கியிருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் காந்தார சுரம் இறங்கிப் போனதே தெரியாது. அப்படியானால் அந்த முடிவு நம் வகுப்பில் எதுவரை செல்லும், திருத்தும் பழக்கத்தை எந்தக் கட்டத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆய்வாளரையே நேரில் கேட்கும் வாய்ப்புத்தான் சுவரொட்டி அமர்வின் முதன்மையான பயன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுவரொட்டியில் வருபவை பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகள். ஆய்விதழில் வருவதற்கு முன் நடக்கும் கடுமையான பரிசீலனையை அவை இன்னும் கடந்திருக்கமாட்டா. ஆகவே அடுத்த சனிக்கிழமையே பாடத்திட்டத்தை மாற்றிவிட வேண்டாம். அதே நேரத்தில், ஆய்வு முடியாமல் இருப்பதால்தான் நீங்கள் சொல்வது அதற்குள் இடம்பெறவும் வழி இருக்கிறது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை, தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும்போது நெடிலைக் குறிலாக்கித் தாளத்தையும் தவறவிடுகிறது என்பது உங்களுக்குச் சாதாரணச் செய்தி. மொழிக்கும் லயத்துக்கும் உள்ள உறவை ஆராய்பவருக்கு அது புதிய வாசலாகலாம்.

கேள்வி: நான் மிருதங்கம் கற்பிப்பவன், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. என் வகுப்பில் கண்டதை நானே சுவரொட்டியாக வைக்க முடியுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: பல மாநாடுகளில் முடியும், ஆய்வைச் சில வரிகளில் சொல்லும் சுருக்கவுரையைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். பன்னாட்டு இசைக் கல்விச் சங்கம் 1998இல் தன் உலக மாநாட்டை நம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலேயே நடத்தியது; ஆகவே இதெல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் காரியம் என்று ஒதுங்கத் தேவையில்லை. ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: உதாரணமாக, ‘தகதிமி’ போன்ற சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகிய பின் வாசிப்பவர்களுக்கும் நேரே வாசிக்கத் தொடங்குபவர்களுக்கும் என்ன வேறுபாடு? மிருதங்கத்தின் பெருமையையும் வரலாற்றையும் எழுதி இடத்தை நிரப்பாதீர்கள். யாரும் நின்று படிக்கமாட்டார்கள். மாணவர்களை ஒலிப்பதிவோ படமோ எடுப்பதாக இருந்தால் பெற்றோரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் நம் நாட்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் விவரங்களைத் தனிக் கவனத்தோடு காக்கச் சொல்கிறது. பொதுவாகக் கேட்கும் அளவு ஏ0, அதாவது 841 மில்லிமீட்டருக்கு 1189. சில மாநாடுகள் வேறு அளவு சொல்லும் என்பதால், அச்சகத்துக்குப் போகுமுன் அறிவிப்பைப் படித்துவிடுங்கள். சுருக்கவுரைக்கான கடைசி நாள் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடுவதுண்டு. அதை முதலில் விசாரியுங்கள்.