பின் ஷாக் ஸ்பிரிங்: கழற்றும் முன் ஒரு டேப்பை எடுங்கள்

கேள்வி: என் பைக்கில் பின்பக்கம் ஒற்றை ஷாக் அப்சார்பர். என் எடை 90 கிலோ. தனியாகப் போனாலே பள்ளத்தில் 'டொக்'கென்று அடிக்கிறது. பின்னால் ஆள் ஏறிவிட்டால் சொல்லவே வேண்டாம். பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) முழுக்க ஏற்றிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. கடினமான ஸ்பிரிங் வாங்கி வீட்டிலேயே மாற்றலாமா? ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம் தேவையா?

பதில்: மாற்றலாம். கம்ப்ரஸர் தேவையா என்பது ஷாக்கின் அமைப்பைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு டேப்பை எடுங்கள்.

பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, அச்சிலிருந்து நேர் மேலே பாடியில் ஓர் இடத்தைக் குறித்து, உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் வண்டி தன் எடையில் நிற்கும்போது அதே உயரம். கடைசியாக நீங்கள் ஏறி உட்கார்ந்தபின் ஒரு முறை. முதல் அளவிலிருந்து மற்ற இரண்டும் எவ்வளவு குறைகிறதோ, அதுதான் இறக்கம். இதற்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வண்டியைப் பிடிக்க, ஒருவர் அளக்க. சாலை வண்டிக்கு ஆள் ஏறியபின் மொத்த இறக்கம் ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிமீட்டர் இருக்கலாம். வண்டி தானாக இறங்குவது 5 முதல் 15.

இங்கேதான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆள் ஏறிய இறக்கத்தைப் பிரீலோடால் 35க்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், ஆனால் வண்டி தன் எடையில் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மெலிசு. அதை அளவுக்கு மீறி அமுக்கி வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மாறாக, வண்டி தானாகவே 25 இறங்கினால் ஸ்பிரிங் அளவுக்கு மேல் கடினம். பிரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும். 80 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கி வைத்தாலும் அடுத்த ஒரு மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன்தான் கேட்கும்.

இன்னொன்று: சீட்டை அழுத்திவிட்டால் வண்டி இரண்டு மூன்று முறை எழும்பி இறங்குகிறதா? ஷாக் ராடில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? அப்படியானால் போனது ஸ்பிரிங் அல்ல, டேம்பர் (ஷாக்குக்குள் எண்ணெயால் துள்ளலை அடக்கும் பகுதி). அதில் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் துள்ளல் இன்னும் கூடும்.

அளவு ஸ்பிரிங்கைத்தான் காட்டுகிறதா? சரி, வாங்கும்போது உள்விட்டமும் அமுக்காத நீளமும் பழையதோடு பொருந்த வேண்டும். கம்பி கொஞ்சம்தானே தடிப்பு என்று அலட்சியமாக இருக்காதீர்கள். சுருளின் விட்டமும் சுற்றுகளும் மாறாமல் கம்பி மட்டும் 10 மில்லிமீட்டரிலிருந்து 11 ஆனால் கடினம் 46 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் கணக்கில் கம்பித் தடிப்பு நான்காம் அடுக்கில் வருகிறது.

இப்போது கம்ப்ரஸர் விஷயம். ஷாக் உடம்பில் மரை வெட்டி, அதில் இரண்டு வளையங்கள் (ஒன்று அட்ஜஸ்டர், ஒன்று லாக்) இருந்தால் பெரும்பாலும் கம்ப்ரஸர் வேண்டியதில்லை. வளையத்தை முழுக்கத் தளர்த்தினாலே ஸ்பிரிங் லூசாகிவிடும். படிப்படியாகத் திருப்பும் அமைப்பு என்றால் மிகத் தாழ்ந்த படியிலும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். அதற்குக் கம்ப்ரஸர் கட்டாயம். 80 நியூட்டன் ஸ்பிரிங் 15 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தால் அங்கே காத்திருப்பது 1200 நியூட்டன், ஏறக்குறைய 120 கிலோ எடையின் தள்ளல். இளவயதில் நான் ஒரு ஸ்பிரிங்கைக் கயிறு கட்டிச் சுருக்கப் பார்த்தேன். கயிறு நழுவி, ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் காலர் பறந்துபோய் ஷெட் கதவில் பள்ளம் விழுந்தது. முகம் ஒரு முழம் தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

லாக் வளையத்தை ஷாக் வண்டியில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். கழற்றியபின் பிடிமானம் கிடைக்காது. அதற்கு முன் மரையைப் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, வெளியே தெரியும் மரையின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வளையத்தின் பல்லில் கொக்கிபோல் மாட்டும் சி-ஸ்பேனர்தான் போட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினால் அலுமினிய வளையத்தின் பல் வழித்துக்கொண்டு போய்விடும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலோ, எஞ்சினுக்கு அடியில் உறுதியான முட்டுக் கொடுத்தோ நிறுத்துங்கள். முட்டு ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) படக் கூடாது. சக்கரத்துக்கு அடியில் பலகைத் துண்டுகளைச் சொருகி மெல்ல உயர்த்தினால், ஓர் இடத்தில் ஷாக் போல்ட் விரலாலேயே உருவ வரும். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் எடை இன்னும் போல்ட்டின் மேல் இருக்கிறது என்று அர்த்தம்.

ஷாக்கை வெளியே எடுத்து, அட்ஜஸ்டர் வளையத்தை இறக்கிக்கொண்டே போங்கள். ஸ்பிரிங்கைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட வேண்டும். அந்த ஆட்டம் வந்தபின்தான் ரப்பர் பம்ப் ஸ்டாப்பைத் தள்ளிவிட்டு, பிளவுள்ள காலரைப் பக்கவாட்டில் உருவ வேண்டும். வளையம் முடிவுக்கு வந்தும் ஆட்டம் வரவில்லையா, அங்கேயே நிறுத்திக் கம்ப்ரஸரைத் தேடுங்கள்.

ராடை மட்டும் பிளையராலோ வைஸிலோ பிடிக்காதீர்கள்; ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் கசியத் தொடங்கும். உள்ளே நைட்ரஜன் அடைத்த ஷாக்கின் உடம்பைத் திறக்கவும் வேண்டாம். ஸ்பிரிங் இல்லாத இந்த நேரத்தில் ராடைக் கையால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். திக்காமல் ஒரே சீராகப் போய்வந்தால் டேம்பர் பிழைத்திருக்கிறது.

புது ஸ்பிரிங் போட்டு, காலர் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்து, வளையம் ஸ்பிரிங்கைத் தொடும் இடத்திலிருந்து 10 மில்லிமீட்டர் அளவுக்கு இறுக்கித் தொடங்குங்கள். கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. போல்ட்களுக்கும் கையேட்டின் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுதான். ஷாக் கண்களில் (போல்ட் நுழையும் துளைகளில்) ரப்பர் புஷ் இருந்தால் கடைசி இறுக்கம் வண்டி சக்கரத்தில் நின்றபின். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்.

பிறகு மறுபடியும் டேப். இரண்டு இறக்கமும் வரம்புக்குள் வந்ததும் லாக் வளையத்தை இறுக்குங்கள். பின்பக்கம் உயர்ந்திருக்கும், அதனால் செயின் தொய்வையும் ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடத்தையும் சரிபார்க்க வேண்டும். ரீபவுண்ட் திருகு (அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தை அடக்குவது) இருந்தால் ஒன்றிரண்டு கிளிக் கூட்டி, வழக்கமாக 'டொக்' விழும் அதே பள்ளத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பின்னால் ஆளை ஏற்றுவது அதற்கு அப்புறம்.