குவாஹாட்டி யாருக்குத் தொலைவு?

கேள்வி: 2016 பிப்ரவரியில் குவாஹாட்டியிலும் ஷில்லாங்கிலும் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் 239 தங்கப் பதக்கங்களில் 188-ஐ இந்தியாவே வென்றது. முடிவு முன்பே தெரிந்த ஒரு போட்டியைத் தொலைதூர நகரங்களில் பெரும் செலவில் நடத்தியதற்குப் பதிலாக, வசதிகள் நிறைந்த தில்லியிலேயே நடத்தியிருக்கலாமே?

பதில்: தொலைதூரம் என்கிறீர்கள், யாருக்கு? டாக்காவிலிருந்தும் திம்புவிலிருந்தும் வருபவர்களுக்குத் தில்லியைவிடக் குவாஹாட்டி மிக அருகில் இருக்கிறது. எட்டு நாடுகள் கூடும் இந்தப் போட்டியை இந்தியா மூன்று முறை நடத்தியிருக்கிறது. 1987-இல் கல்கத்தா, 1995-இல் சென்னை, 2016-இல் குவாஹாட்டியும் ஷில்லாங்கும். ஒருமுறைகூடத் தில்லிக்குப் போகவில்லை என்பதால் போட்டியின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

குவாஹாட்டியில் வசதி இல்லை என்ற எண்ணமும் தவறு. 2007-இல் 33-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அந்நகரின் சருசஜாய் பகுதியில் எழுப்பப்பட்ட விளையாட்டு வளாகம்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தெற்காசியப் போட்டிகளைத் தாங்கியது; அடுத்த ஆண்டே அங்கு 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்கள் நடந்தன; 2020-இல் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளும் குவாஹாட்டிக்கே வந்தன. இவற்றைவிட நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. அசாமின் நகாவ் மாவட்டத்தில் உள்ள டிங் பகுதியில் வயல்வெளி ஓரத்தில் ஓடிப் பழகிய ஹிமா தாஸ், பயிற்சியாளரின் வற்புறுத்தலால் குவாஹாட்டிக்கு வந்து சருசஜாய் வளாகத்துக்கு அருகிலேயே தங்கிப் பயிற்சி பெற்று, 2018-இல் பின்லாந்தின் டாம்பரேயில் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டியில் 400 மீட்டரை 51.46 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். தரமான ஓடுதளம் தில்லியில் மட்டும் இருந்திருந்தால், ஒரு நெல் விவசாயியின் மகள் அதை எந்த வயதில், யார் செலவில் போய்ச் சேர்ந்திருப்பார்?

பதக்கப் பட்டியல் ஒருபக்கம் சாய்ந்திருப்பது உண்மைதான். அது எனக்கும் உவப்பானதல்ல. இந்தியா தன் இளம் வீரர்களை மட்டும் அனுப்பி, மூத்தவர்களை ஆசியப் போட்டிகளுக்கென வைத்துக்கொண்டால் களம் சற்றுச் சமமாகும் என்பதே என் கருத்து. ஆனாலும் எல்லா முடிவுகளும் முன்பே தெரிந்தவை என்று நீங்கள் எழுதியிருப்பதை ஏற்க முடியாது. ஆடவர் கால்பந்து இறுதியாட்டத்தில் நேபாளம் இந்தியாவை 2-1 என்று இந்திய மண்ணிலேயே வீழ்த்தியது. பளுதூக்குதலில் தங்கம் வென்ற வங்கதேசத்தின் மாபியா அக்தர், தன் நாட்டின் தேசிய கீதம் ஒலிக்கையில் மேடையில் கண்ணீர் வழிய வணக்கம் செலுத்தி நின்றதை அந்த நாடே பார்த்து நெகிழ்ந்தது. மொத்தம் நான்கு தங்கங்களோடு திரும்பிய ஒரு நாட்டுக்கு அந்த ஒரு பதக்கத்தின் எடை என்ன என்பதை 188 என்ற எண்ணை வைத்து அளக்க முடியாது.

செலவைப் பற்றிக் கேட்பது உங்கள் உரிமை, கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை நிறைவு விழாவுக்குப் பிந்தைய ஆண்டுகளை நோக்கிக் கேளுங்கள். ஓடுதளத்தின் செயற்கைப் பரப்பு தேய்ந்தால் மாற்றப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, நீச்சல் குளம் நீரோடு இருக்கிறதா, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வாயில் திறக்கிறதா என்பவற்றுக்கு, போட்டியை ஏற்கும் ஒவ்வொரு மாநில அரசும் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். தராத நகரம் எதுவானாலும், அது தில்லியே ஆனாலும், அதற்குப் போட்டியை வழங்கக் கூடாது.