அப்சர்வேஷன் அறிவிப்பில் கையெழுத்திட்டதால் மெடிகேர் உரிமை போய்விடுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் என்னுடன் வசிக்கும் என் தாயாருக்கு வயது 77. கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டுகள் முடிந்தபின், மாதாமாதம் கட்டணம் செலுத்தி அவருக்கு மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) எடுத்திருக்கிறோம். சென்ற வாரம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் ஏற்பட்டு, மூன்று இரவுகள் மருத்துவமனையில் இருந்தார். இரண்டாம் நாள் ஊழியர் ஒருவர் நீட்டிய தாளில் நான் கையெழுத்திட்டேன். இப்போது, அவர் "அப்சர்வேஷன்" நோயாளியாக (உள்நோயாளியாகச் சேர்க்கப்படாமல் கண்காணிப்பில் வைக்கப்பட்டவராக) மட்டுமே இருந்ததால் மெடிகேர் பணம் தராது என்று ரீஹாப் மையம் (மருத்துவமனைக்குப் பின் செவிலியர் பராமரிப்பும் பயிற்சியும் தரும் இல்லம்) சொல்கிறது. என் கையெழுத்துதான் இதற்குக் காரணமா? இனி என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் கேள்விக்கு விடை: இல்லை, உங்கள் கையெழுத்து எதையும் கெடுக்கவில்லை. நீங்கள் கையெழுத்திட்டது பெரும்பாலும் "மூன்" என்று சுருக்கமாக அழைக்கப்படும், நோயாளி அப்சர்வேஷனில் இருப்பதைத் தெரிவிக்கும் அறிவிப்பாக இருக்கும். 24 மணி நேரத்துக்கு மேல் அப்சர்வேஷனில் வைக்கப்படும் மெடிகேர் நோயாளிக்கு, அது தொடங்கிய 36 மணி நேரத்துக்குள் இந்தத் தாளைக் கொடுத்து வாய்மொழியாகவும் விளக்க வேண்டும் என்று 2015-இல் சட்டம் வந்தது. 2017 மார்ச் முதல் எல்லா மருத்துவமனைகளும் கொடுக்கின்றன. அதில் இடும் கையெழுத்து, தாள் கைக்கு வந்தது என்பதற்கான சான்று மட்டுமே. நீங்கள் மறுத்திருந்தால், மறுத்தார் என்று எழுதி ஊழியரே கையெழுத்திட்டிருப்பார். தாயாரின் நிலை அப்படியேதான் இருந்திருக்கும்.

கட்டிலில் படுத்து, உணவும் மருந்தும் பெற்று, மூன்று இரவு கழித்தவர் உள்நோயாளிதான் என்று யாரும் நினைப்பார்கள். மெடிகேர் அப்படிக் கணக்கிடுவதில்லை. உள்நோயாளியாகச் சேர்க்கும்படி மருத்துவர் எழுத்தில் உத்தரவிட்ட பிறகே அந்தக் கணக்கு தொடங்கும். அதற்கு முன் அவசரப் பிரிவிலும் அப்சர்வேஷனிலும் கழிந்த நேரம் வெளிநோயாளி நேரம். ரீஹாப் மையத்துக்கு மெடிகேர் பணம் தர வேண்டுமானால், வீடு திரும்பும் நாளைச் சேர்க்காமல், தொடர்ந்து மூன்று நாட்கள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் முதல் 20 நாட்களுக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம். 21 முதல் 100-ஆம் நாள் வரை உங்கள் பங்கைத் தர வேண்டும்; 2025-இல் அது நாளொன்றுக்கு 209.50 டாலராக இருந்தது. இல்லாவிட்டால் முதல் நாளிலிருந்தே முழுச் செலவும் உங்களுடையது. மருத்துவமனை பில்லோ மெடிகேரின் பி பிரிவில் (வெளிநோயாளிச் செலவுக்கானது) போவதால், சில சமயம் ஏ பிரிவில் (உள்நோயாளிச் செலவுக்கானது) நோயாளி முதலில் கட்ட வேண்டிய தொகையை (2025-இல் 1,676 டாலர்) விடக் குறைவாகவே வரும். ஆகவே அதைப் பார்த்து யாரும் எச்சரிக்கை அடைவதில்லை. அடி விழுவது ரீஹாப் வாசலில்தான்.

இந்த மூன்று நாள் விதியைக் கொரோனா காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து 2023 மே 11 வரை, அரசே நிறுத்தி வைத்திருந்தது. பிறகு பழையபடி கொண்டுவந்துவிட்டார்கள். அப்சர்வேஷனில் கழித்த நாட்களையும் கணக்கில் சேர்த்தால் தீர்ந்துபோகும் சிக்கலுக்கு, நோயாளியின் கையில் ஒரு தாளைத் திணிப்பதையே தீர்வாக வைத்திருக்கிறார்கள். வலியில் இருக்கும் முதியவரிடம், ஒன்றரை நாள் கழிந்த பின், மேல்முறையீடு செய்ய முடியாத ஒரு செய்தியைத் தெரிவிப்பது பாதுகாப்பு ஆகாது.

உங்கள் தாயாருக்கு ஒரு வழி திறந்திருக்கலாம். அதை மட்டும் பொறுமையாகச் சரிபாருங்கள். தொடக்கத்திலிருந்தே அப்சர்வேஷனில் இருந்தவர் அந்த நிலையை எதிர்த்து முறையிட முடியாது. ஆனால் முதலில் மருத்துவர் உள்நோயாளியாகச் சேர்த்து, பின்னர் மருத்துவமனையே அவரை அப்சர்வேஷனுக்கு மாற்றியிருந்தால், நெடுநாள் நடந்த வழக்கின் பயனாக 2025 பிப்ரவரி 14 முதல் முறையீட்டு உரிமை உண்டு. அதற்கெனத் தனி அறிவிப்பு ஒன்றும் உண்டு. அது "மூன்" அல்ல. அப்படி மாற்றப்பட்டவர்களில், மூன்று நாட்களோ அதற்கு மேலோ மருத்துவமனையில் இருந்து, உள்நோயாளிக் கணக்கில் மூன்றுக்குக் குறைவாக வந்தவர்களுக்கும், பி பிரிவு இல்லாதவர்களுக்குமே இந்த உரிமை. மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே மெடிகேருக்காக இத்தகைய முறையீடுகளைப் பரிசீலிக்கும் தர மேம்பாட்டு அமைப்பிடம் முறையிடுவது நல்லது. தவறவிட்டவர்களும் பின்னர் விண்ணப்பிக்கலாம். எனவே மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எல்லா மருத்துவர் உத்தரவுகளின் நகலையும், தேதியும் நேரமும் தெரியும்படி, கேட்டு வாங்குங்கள். அவற்றில் உள்நோயாளி உத்தரவு ஒன்று எழுதப்பட்டுப் பின் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. இல்லையென்றால், வீடு திரும்பிய பின் பழைய தேதியிட்டு உத்தரவு எழுதித்தரும்படி மருத்துவரைக் கெஞ்சாதீர்கள், அது செல்லாது.

இந்த நேரத்தில் உங்களைத் தேடி வருபவர்களிடம் கவனமாக இருங்கள். பில்லைக் குறைத்துத் தருகிறேன், முறையீட்டில் வென்று தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களுக்கு ஒரு டாலரும் தராதீர்கள். "ஷிப்" என்ற மாநில ஆலோசனைத் திட்டம் அதே உதவியை இலவசமாகச் செய்கிறது. தொலைபேசியில் மெடிகேர் எண்ணைக் கேட்பவரிடம் எண்ணைச் சொல்லாதீர்கள். "இலவசமாக" இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் முகவருக்குப் பராமரிப்பு இல்லமே கமிஷன் தருவது வழக்கம் என்பதால், அவர் காட்டும் இல்லங்களை மட்டும் நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் விட, மூன்று நாள் விதியே இல்லாத அட்வான்டேஜ் திட்டத்துக்கு (தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் திட்டம்) மாறிவிடுங்கள் என்று சொல்லும் காப்பீட்டு முகவரிடம் நிதானியுங்கள். பல அட்வான்டேஜ் திட்டங்கள் அந்த விதியைத் தளர்த்துவது உண்மைதான். ஆனால் அவை ரீஹாபுக்கு முன்அனுமதி கேட்கும். பழைய மெடிகேருக்குத் திரும்ப நினைக்கும்போது, பெரும்பாலான மாநிலங்களில், மெடிகேர் தராத பங்கை ஏற்கும் துணைக் காப்பீட்டு நிறுவனம் உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம். நீங்கள் ஏ பிரிவுக்கும் கட்டணம் செலுத்தும் குடும்பம்; அவசரத்தில் எடுத்த முடிவு பல ஆண்டுகள் தொடரும்.

மருத்துவமனையில் கொடுத்த அன்றாட மாத்திரைகளுக்கு பி பிரிவு பணம் தராது. மருந்துகளுக்கான டி பிரிவு இருந்தால், பில்லை அங்கு அனுப்பிக் கேளுங்கள். அடுத்து உடனே செய்ய வேண்டியது: வீட்டு மருத்துவச் சேவைக்கு மூன்று நாள் விதி கிடையாது. தாயாரால் எளிதாக வெளியே செல்ல முடியவில்லை என்று மருத்துவர் சான்றளித்து உத்தரவிட்டால், செவிலியரும் பிசியோதெரபி நிபுணரும் வீட்டுக்கே வருவார்கள். அந்த வருகைகளுக்கு உங்கள் பங்கு எதுவும் இல்லை. நாள் முழுதும் உடனிருக்கும் ஆளை அது தராது, ஆனால் நடை திரும்ப அது போதுமானதாக இருக்கலாம். குடும்ப மருத்துவரை இன்றே அழைத்து அந்த உத்தரவைக் கேளுங்கள்.