மகள் பிறந்தநாளுக்குக் காப்பகம் போகலாமா?

மகளின் பிறந்தநாளை வீடற்றோர் காப்பகத்தில் கொண்டாட நினைத்தீர்கள். "கேக், போட்டோ எல்லாம் வேண்டாம்" என்று காப்பகத்தினர் சொன்னதும் மனம் சங்கடப்பட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போகும் எண்ணத்தைக் கைவிடாதீர்கள். அவர்கள் மறுத்தது படத்தையும் ஆரவாரத்தையும்தான், உங்களை அல்ல.

அங்கே இருப்பவர்களில் குடும்பத்துக்குத் தெரியாமல் தங்கியிருப்பவர்கள் உண்டு, வன்முறைக்குப் பயந்து வந்த பெண்கள் உண்டு. ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் அவர்களுக்கு ஆபத்து. மனநல சிகிச்சை மையத்தில் இருப்பவரின் படத்தைச் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தருவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே தடுக்கிறது. அதனால் அந்த விஷயத்தில் வற்புறுத்த வேண்டாம்.

சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. தங்குபவர்களில் பலர் பகலில் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மதியம் பிரியாணியோடு போனால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் போகலாமா என்று கேளுங்கள். வயதானவர்களில் சர்க்கரை நோயாளிகள் இருப்பார்கள், இனிப்பைப் பற்றியும் முன்பே பேசிவிடுங்கள்.

பழைய துணி மூட்டை வேண்டவே வேண்டாம். புது உள்ளாடை, லுங்கி, நைட்டி, நாப்கின், சோப்பு, போர்வை, இவற்றில் இப்போது எது குறைகிறது என்று பொறுப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கான டயப்பர் விலை அதிகம், முடிந்தால் அதைக் கொடுங்கள்.

மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பரிமாறிவிட்டு உடனே கிளம்பாமல், அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். "எப்படி இங்கே வந்தீங்க?" என்று மட்டும் கேட்க வேண்டாம் என அவளிடம் சொல்லி வையுங்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும்.