அண்டார்டிகாவை முதலில் கண்டவர் யார்? கேள்விகளும் பதில்களும்

1820-ஆம் ஆண்டில், பதினோரு மாதங்களுக்குள், ரஷ்யா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் மாலுமிகள் ஒருவரையொருவர் அறியாமல் தென்துருவக் கண்டத்தின் விளிம்பைக் கண்டார்கள். அவர்களில் முதலிடம் யாருக்கு என்ற வழக்கு இன்றும் முழுமையாக ஓயவில்லை. வந்து சேர்ந்த கேள்விகளுக்குக் கீழே பதில் தருகிறேன்.

கேள்வி (திண்டுக்கல், ஆசிரியை): ஐயா, மாணவர்களிடம் ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் யாரைச் சொல்வது?

பெல்லிங்ஸ்ஹவுசன் பெயரைச் சொல்லுங்கள். கூடவே லாசரெவ் பெயரையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும். ரஷ்யப் பேரரசின் கடற்படை அனுப்பிய அந்தப் பயணத்தில் கப்பல்கள் இரண்டு. வஸ்தோக் என்ற கப்பலுக்குப் பெல்லிங்ஸ்ஹவுசனும், மீர்னி என்ற கப்பலுக்கு மிக்கேல் லாசரெவும் தலைவர்கள். 1819 ஜூலையில் கிரான்ஷ்டாட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அவர்கள், 1820 ஜனவரி இறுதியில் தென் அட்சரேகை 69 பாகை (டிகிரி) 21 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) வரை சென்று, இன்று இளவரசி மார்த்தா கரை எனப்படும் பகுதிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் நின்றார்கள்.

கேள்வி (சென்னை): அந்த நாளை ஒரு நூல் ஜனவரி 27 என்கிறது, இன்னொரு நூல் 28 என்கிறது. ரஷ்ய ஏடுகளிலோ 16 என்று இருக்கிறதாம். எது சரி?

அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. நம் நாட்காட்டிக்கு மாற்ற, அந்த நூற்றாண்டுத் தேதிகளோடு 12 நாள் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் 28 வரும். ஆனால் கப்பற்கணக்கில் ஒரு நாள் முந்தைய நண்பகலிலேயே தொடங்கிவிடும் என்பதைக் கருத்தில் கொள்பவர்கள் 27 என்கிறார்கள். எப்படிக் கணக்கிட்டாலும் பிரிட்டிஷ் கப்பலைவிட ரஷ்யர்கள் இரண்டு அல்லது மூன்று நாள் முந்தியவர்களே; ஆகவே தேதிச் சிக்கலால் வழக்கின் முடிவு மாறாது.

கேள்வி (கோயம்புத்தூர்): பெல்லிங்ஸ்ஹவுசன் பார்த்தது வெறும் பனிக்கட்டிதானே? நிலத்தைக் காணாதவரைக் கண்டத்தைக் கண்டவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்த வழக்கின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். அன்றைய நிகழ்வைப் பற்றிப் பெல்லிங்ஸ்ஹவுசன் எழுதியிருப்பது மிகவும் அடக்கமானது: விழுந்துகொண்டிருந்த பனியின் ஊடே, வெண்மேகங்களைப் போலத் தோன்றிய பனிப்பரப்பை எதிர்கொண்டதாக மட்டுமே அவர் குறிப்பிடுகிறார். லாசரெவ் ஊர் திரும்பிய பிறகு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: மிக உயரமான, கெட்டிப்பட்ட பனியைக் கண்டோம், அழகான அந்த மாலையில் பாய்மரத்தின் மேலிருந்து பார்த்தபோது கண்ணுக்கெட்டிய தூரம் வரை அது நீண்டு கிடந்தது, ஆனால் விரைவிலேயே வானம் மூடிக்கொண்டு பனி பொழியத் தொடங்கிவிட்டது என்கிறார் அவர். அவர்கள் பார்த்தது கண்டத்தின் உள்ளிருந்து வழிந்து வந்து கடல்மீது மிதக்கும் ஃபிம்புல் பனித்தட்டின் விளிம்பு என்பதை அந்த இருப்பிடத்தைக் கொண்டு இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி நடுவில், கிழக்குத் தீர்க்கரேகை 15 பாகைக்கு அருகே அவர்கள் மீண்டும் கரையை நெருங்கினார்கள். இம்முறை பெல்லிங்ஸ்ஹவுசனின் அறிக்கை அழுத்தமாகவே பேசுகிறது. செங்குத்தான விளிம்பு, இடையிடையே வளைகுடாக்கள், தெற்கு நோக்கி மெல்ல உயர்ந்துகொண்டே போய் எல்லை காண முடியாத மேற்பரப்பு என்று அவர் விவரிப்பது, கடலில் உறைந்த பனியைப் பற்றிய விவரிப்பு அன்று. கண்டத்துப் பனியைப் பற்றியது. அண்டார்டிகாவின் பரப்பில் ஏறத்தாழ 98 விழுக்காடு பனி மூடியே கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பாறை தெரிந்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்று நிபந்தனை விதிப்பது, அந்தக் கண்டத்தின் இயல்பையே மறுப்பதாகும் என்பது என் கருத்து. அதே வேளையில், புதிய கண்டம் ஒன்றைக் கண்டுவிட்டேன் என்று அவர் ஓரிடத்திலும் உரிமை கொண்டாடவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

கேள்வி (திருநெல்வேலி): அந்தக் கரைக்கும் நம் நாட்டு ஆய்வு நிலையத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தியாவின் மைத்ரி நிலையம், அவர்கள் பிப்ரவரியில் நெருங்கிய அதே கரையின் உட்பகுதியில், கிழக்குத் தீர்க்கரேகை 11 பாகை 44 கலையில், ஷிர்மாகர் பாறைத்திட்டில் இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரஷ்ய நிலையத்தின் பெயர் நோவோலாசரெவ்ஸ்கயா. லாசரெவின் பெயர் அதில் வாழ்கிறது.

கேள்வி (யாழ்ப்பாணம்): பிரிட்டன் தன் மாலுமிதான் முதல்வர் என்று நெடுங்காலம் சொல்லிவந்ததே, அதற்கு ஆதாரம் என்ன?

ஆதாரம் வலுவானதே. 1819 பிப்ரவரியில் வில்லியம் ஸ்மித் என்ற வணிகக் கப்பல் தலைவர், தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி சிலி நாட்டின் வால்பரைசோவுக்குச் செல்லும் வழியில், புயலைத் தவிர்க்கத் தெற்கே ஒதுங்கியபோது, தென் ஷெட்லாந்து தீவுகளைக் கண்டார். செய்தி அறிந்த கடற்படை அதிகாரி ஷிரெஃப், ஸ்மித்தின் வில்லியம்ஸ் என்ற அதே கப்பலை அமர்த்தி, அயர்லாந்தின் கார்க் பகுதியில் பிறந்த எட்வர்ட் பிரான்ஸ்ஃபீல்டை அதற்குத் தலைவராக்கி அனுப்பினார். 1820 ஜனவரி 30 அன்று மூடுபனி விலகிய இடைவெளியில் அவர்கள் அண்டார்டிக் தீபகற்பத்தின் வடமுனையைக் கண்டார்கள். பிரான்ஸ்ஃபீல்டின் வரைபடத்தில் அது டிரினிட்டி நிலம் என்றும், பகுதி பனி மூடியது என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது, பனி மூடாத பகுதியும் அவர் கண்ணில் பட்டது.

அவருடைய பயண ஏடு தொலைந்துபோனது பெரிய இழப்பு. ஆயினும் வரைபடம் எஞ்சியது. உடன் சென்ற பாயின்டர் என்ற இளம் அதிகாரியின் நாட்குறிப்பும் பிற்காலத்தில் நியூசிலாந்தில் கிடைத்து, 2000-ஆம் ஆண்டில் அச்சேறியது. அண்டார்டிகாவின் பாறை நிலத்தை முதலில் கண்டு வரைபடத்தில் பதித்தவர் என்ற பெருமையைப் பிரான்ஸ்ஃபீல்டுக்கும் ஸ்மித்துக்கும் தயக்கமின்றி அளிக்கலாம்.

கேள்வி (சிங்கப்பூர்): அமெரிக்க நூல்கள் பால்மர் என்கின்றனவே?

நத்தேனியல் பால்மர், கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டோனிங்டன் ஊரைச் சேர்ந்த சீல் வேட்டைக்காரர். அப்போது அவருக்கு வயது 21. அவருடைய ஹீரோ என்ற கப்பலின் நீளம் ஏறத்தாழ 14 மீட்டர்தான். 1820 நவம்பர் 17-ஆம் நாளுக்கான அவருடைய ஏட்டுக் குறிப்பில், நீரிணை ஒன்றைக் கண்டதாகவும், அது பனிக்கட்டியால் நிறைந்து கரையை அணுக முடியாதபடி இருந்ததால் உள்ளே நுழைவது உசிதமன்று எனத் திரும்பியதாகவும் இருக்கிறது. துணிவில் அவர் யாருக்கும் குறைந்தவரல்லர். ஆனால் மற்ற இருவருக்கும் ஒன்பது மாதத்துக்கு மேல் பிந்தியவர்.

சீல் வேட்டைக்காரர்கள் தாங்கள் கண்ட இடங்களைப் போட்டியாளர்களுக்கு அஞ்சி மறைத்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவர்களுடைய பேராசையின் விளைவு கொடியது: 1821, 1822 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தென் ஷெட்லாந்து தீவுகளில் 3,20,000 தோல்கள் உரிக்கப்பட்டதாக அக்காலக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் வெடெல் மதிப்பிட்டார். அதன் பிறகு வேட்டையாட அங்கே சீல்களே இல்லாமல் போயின.

கேள்வி (பெங்களூரு): நூறாண்டுக்கு மேல் அமைதியாக இருந்த இந்த வழக்கு இருபதாம் நூற்றாண்டில் ஏன் சூடுபிடித்தது?

நில உரிமைதான் காரணம். பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி முதலிய ஏழு நாடுகள் அண்டார்டிகாவில் தமக்குப் பங்கு உண்டென அறிவித்திருந்தன. அந்தப் பேச்சில் தன்னையும் சேர்க்க வேண்டுமென்று கருதிய சோவியத் ஒன்றியம், 1949-இல் தன் புவியியல் கழகத்தின் வழியாகப் பெல்லிங்ஸ்ஹவுசனின் முன்னுரிமையை முழங்கியது. அரசியல் நோக்கத்தோடு எழுந்த வாதம் என்பதால் மேலைநாட்டார் பலர் அதை உடனே தள்ளினார்கள். ஏடுகளைப் பொறுமையாக ஒப்பிட்ட பிறகே பெரும்பாலோர் ஏற்றார்கள். 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் உடன்படிக்கை எல்லா உரிமைக் கோரிக்கைகளையும் இருந்த நிலையிலேயே நிறுத்திவைத்தது.

கேள்வி (ஈரோடு, கல்லூரி மாணவர்): துருக்கியக் கடற்படைத் தலைவர் பிரி ரெய்ஸ் 1513-ஆம் ஆண்டில் வரைந்த வரைபடத்தில் பனியில்லாத அண்டார்டிகா இருக்கிறது என்கிறார்களே?

இல்லை, தம்பி. அண்டார்டிகாவைப் பனி மூடி ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பனியில்லாத அதன் கரையை வரைய மனிதர் எவரும் அன்று இல்லை. அந்த வரைபடத்தில் கிழக்கே வளையும் கரை, தென் அமெரிக்கக் கரையின் தொடர்ச்சி என்றோ, அக்கால அறிஞர்கள் ஊகித்த தென்னிலம் என்றோதான் கொள்ளத்தக்கது.

கேள்வி (மதுரை): 1820-க்கு முன்னரே யாரேனும் சென்றிருக்க வாய்ப்பே இல்லையா?

ஜேம்ஸ் குக் 1773 ஜனவரி 17 அன்று அண்டார்டிக் வட்டத்தைக் கடந்தார். மறு ஆண்டு 71 பாகை 10 கலை வரை சென்றும் நிலத்தைக் காணாமல் திரும்பினார். பாலினீசிய மரபில் ஹுயி தே ரங்கியோரா என்ற மாலுமி உறைந்த கடலைக் கண்ட கதை உண்டு. அது அண்டார்டிகாவே என்று 2021-இல் ஒரு கட்டுரை வாதிட, அதே ஆண்டில் நியூசிலாந்தின் பிற அறிஞர்கள் மறுத்தார்கள். அந்தக் கதையைத் தென்கடல் அறிவின் சான்றாக மதிக்கலாம். கண்டத்தைக் கண்டதற்கான சான்றாகக் கொள்ள இயலாது.

என் மனத்தை மிகவும் வருத்துவது சான் தெல்மோ. 644 பேருடன் சென்ற இந்த ஸ்பானியப் போர்க்கப்பல் 1819 செப்டம்பரில் ஹார்ன் முனைக்குத் தெற்கே புயலில் மறைந்தது. அதனுடையதாகக் கருதப்படும் சிதைவுகளைப் பின்னர் சீல் வேட்டைக்காரர்கள் தென் ஷெட்லாந்து தீவுகளில் ஒன்றான லிவிங்ஸ்டன் தீவில் கண்டார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்களில் எவரேனும் உயிரோடு கரையேறியிருந்தால், ஸ்மித்துக்கும் முன்னர் அந்தத் தீவுக்கூட்டத்தில் கால் வைத்தவர்கள் அவர்களாகவே இருக்கலாம். ஆனால் சொல்லுவதற்கு ஒருவரும் திரும்பவில்லை.

கேள்வி (கொழும்பு): கண்டத்தின் தரையில் முதலில் கால் வைத்தவர் யார்?

1821 பிப்ரவரி 7 அன்று ஜான் டேவிஸ் என்ற அமெரிக்க சீல் வேட்டைக்காரர், தீபகற்பத்தின் ஹியூஸ் விரிகுடாவில் ஆட்களை இறக்கியதாகத் தெரிகிறது. சீல் தேடி வந்தவர் அன்றைய ஏட்டில், இந்தத் தென்னிலம் ஒரு கண்டமாக இருக்கும் என்று கருதுவதாகவும் எழுதிவைத்தார். அந்த ஏடு 1950-களில்தான் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது. அதற்கு முன்பு, 1895 ஜனவரி 24 அன்று அடேர் முனையில் இறங்கியதே முதல் தரையிறக்கம் எனக் கருதப்பட்டது. அந்தப் படகில் இருந்த கப்பல் தலைவர் கிறிஸ்டென்சன், போர்ச்கிரெவிங்க், நியூசிலாந்து இளைஞர் துன்செல்மன் ஆகிய மூவரும் தாமே முதலில் குதித்ததாகச் சொன்னார்கள். டேவிஸின் ஏட்டை ஏற்றுக்கொண்டால் இந்த மூவரின் சச்சரவு தானாகவே அடிபட்டுப்போகிறது, நான் ஏற்றுக்கொள்கிறேன்.