மகளுக்கு ஆயிரம் ரூபாய் வருமா?

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த என் மகள், தனியார் கல்லூரியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். வேறு உதவித்தொகையும் வருகிறது. அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்குமா?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: கிடைக்கும் அம்மா. தனியார் கல்லூரியோ வேறு உதவித்தொகையோ தடையில்லை, தொலைதூரக் கல்வி என்றால்தான் கிடையாது. கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும், வெளியில் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். அப்புறம் வங்கிக் கணக்கு. பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு முடங்கிக் கிடக்கும், ஆதாரோ அதோடுதான் இணைந்திருக்கும், பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். பாஸ்புக்கோடு போய் முதலில் அதைச் சரிபாருங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் விடுதிக் கட்டணத்துக்கு எந்த மூலைக்கு என்பீர்கள், நியாயம்தான், ஆனால் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அவள் உங்களிடம் கை நீட்ட வேண்டாமே! அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த மகன் இருந்தால், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவனுக்கும் அதே தொகை உண்டு.