ஆறு நாளில் ஐந்து ஆட்டங்களை ஜெயித்த கல்லூரி ஃபுட்பால் அணி ஒன்று இருந்ததாமே, உண்மையா? எதிரணிகள் சொத்தையாக இருந்திருக்குமோ?

உண்மைதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கம்பர்லண்ட் பீடபூமியின் மேல் சுவானி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்குள்ள யுனிவர்சிட்டி ஆஃப் தி சவுத் என்ற கிறிஸ்தவத் திருச்சபைக் கல்லூரியின் 1899-ஆம் ஆண்டு அணி அது. ஊர்ப் பெயரையே அணிக்கும் சொல்லி 'சுவானி' என்பார்கள். அந்த சீசனில் 12 ஆட்டம் ஆடி 12-ஐயும் ஜெயித்தது. எடுத்த புள்ளிகள் 322, விட்டுக்கொடுத்தவை 10.

அந்த ஆறு நாள் கணக்கு இது. நவம்பர் 9 வியாழன், ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12–0. வெள்ளி, ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 10–0. சனி, நியூ ஆர்லியன்ஸில் துலேன் பல்கலைக்கழகத்தை 23–0. ஞாயிறு ஓய்வு. திங்கள், பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34–0. செவ்வாய், மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12–0. ஐந்து ஊர், ஐந்து எதிரணி, ஒருவராலும் ஒரு புள்ளி எடுக்க முடியவில்லை. போக வர சுமார் 2,500 மைல், எல்லாம் ரயிலில். 'ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார்கள்' என்று பைபிள் பாணியில் இதைச் சொல்வது அங்கே வழக்கம். உண்மையில் அவர்கள் ஓய்ந்தது நாலாம் நாள்.

ஆடியது நாம் ஆடும் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஆனால் இன்று டிவியில் பார்க்கிற ஆட்டமும் அல்ல. பந்தை முன்னோக்கி எறியும் பாஸ் 1906-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதனால் ஆட்டம் முழுக்க ஓட்டமும் மோதலும்தான். மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்து வைத்திருப்பவனைச் சக ஆட்டக்காரர்கள் பின்னாலிருந்து தள்ளலாம், முன்னாலிருந்து இழுக்கலாம். கபடியில் ஒருவனை ஏழு பேர் அமுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே இரண்டு பக்கமும் சேர்ந்து 22 பேர். தாக்குவதும் தடுப்பதும் அதே 11 பேர். வெளியே போனவன் மறுபடி உள்ளே வர முடியாது. ஹெல்மெட் கட்டாயமில்லை. டெக்சாஸ் ஆட்டத்தில் சுவானி கேப்டன் ஹென்றி சீபெல்ஸுக்கு மண்டை உடைந்தது. பிளாஸ்திரி போட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார், மறுநாள் ஹூஸ்டனுக்கும் போனார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். விதிப்படி ஒரு ஆட்டம் 35 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. ஆனால் இரு தரப்பும் பேசி நேரத்தைக் குறைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் சகஜம். 'ஐந்து முழு ஆட்டம்' என்று மனதில் படம் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சரி, யார் இப்படி ஒரு அட்டவணை போட்டது, எதற்காக? பணத்துக்காக. அதே மாநிலத்தில், நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம்தான் சுவானியின் பரம எதிரி. அந்த ஆட்டத்தில்தான் டிக்கெட் வசூல் நன்றாக வரும். வசூலைப் பங்கு போடுவதில் இரண்டு கல்லூரிக்கும் தகராறு வந்து, 1899-இல் ஆட்டமே நடக்கவில்லை. அந்த வருமானமும் போயிற்று. அணியின் மேனேஜர் லூக் லீ என்ற மாணவர். ஒரு பெரிய ஆட்டம் தராத காசை ஐந்து வெளியூர் ஆட்டம் தரட்டும் என்று கணக்குப் போட்டார். ரயில் ஒன்று, செலவு ஒன்று, வழியில் எத்தனை ஊரில் நிறுத்தி ஆடினாலும் லாபம்தானே!

என்னைக் கேட்டால் இந்த சீசனின் நாயகன் இவர்தான். பயிற்சியாளர் பில்லி சூட்டர் பிரின்ஸ்டனில் ஆடியவர், கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் 20 பேர் அளவிலான ஒரு கூட்டத்தைத் தூங்கும் வசதியுள்ள தனிப் பெட்டியில் ஏற்றி, ராத்திரி ரயிலில் தூங்க வைத்து, மதியம் மைதானத்தில் இறக்குவது மேனேஜர் வேலை. வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சுவானியின் ட்ரெம்லெட் ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி ரயிலிலேயே கொண்டுபோனார்கள். சிரிப்பு வரலாம், ஆனால் நடுவில் ரெண்டு பேருக்கு வயிற்றால் போயிருந்தால் கதை முடிந்தது. மறந்தது காலணிகளைத்தான்! அவற்றை ஊரிலேயே விட்டுவிட்டுக் கிளம்பி, அப்புறம் தந்தி அடித்து அடுத்த ரயிலில் வரவழைத்தார்கள் என்று சொல்வார்கள்.

கூடவே கால் பிடித்துவிட, காயத்தைக் கவனிக்க கேல் பரோஸ் என்பவரும் போனார். அடுத்தடுத்த நாள் ஆடும் உடம்புகளுக்கு அவர் கை எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. கறுப்பினத்தவரான அவர் அந்தக் கல்லூரியில் அன்றைக்கு மாணவராகச் சேர்ந்திருக்க முடியாது.

லூக் லீ பின்னாளில் அமெரிக்க செனட்டர் ஆனார். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919 ஜனவரியில், ஹாலந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மன் பேரரசர் கெய்சரைத் தூக்கிக்கொண்டு வரக் காரில் கிளம்பினார். அது பலிக்கவில்லை. மனிதர் மாணவராக இருக்கும்போதே அப்படித்தான் போலிருக்கிறது.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். சொத்தை அணிகளும் இருந்தன. கம்பர்லண்ட் கல்லூரியை 71–0, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிடீரியன் கல்லூரியை 54–0 என்று அடித்ததை வைத்துப் பெருமை பேச முடியாது. ஜார்ஜியா, ஜார்ஜியா டெக், டென்னசி என்று இன்று பெரிய பெயராக இருப்பவர்களையும் அந்த சீசனில் ஜெயித்தார்கள். ஆனால் இன்றைய பெயரை வைத்து அன்றைய பலத்தை அளக்கக் கூடாது. அப்போது இவையெல்லாம் சில வருடங்களுக்கு முன்புதான் ஃபுட்பாலைத் தொடங்கிய கல்லூரிகள்.

உண்மையான சோதனை அந்த ஆறு நாளில் இல்லை, மாதக் கடைசியில் வந்தது. நவம்பர் 30, தேங்க்ஸ்கிவிங் நாள், மாண்ட்காமரியில் ஆபர்ன் அணியோடு. அதன் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன், இன்று சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை யார் பெயரில் இருக்கிறதோ அவர். அதுவரை ஒரு புள்ளியும் தராத சுவானி அன்று 10 கொடுத்தது. முடிவு 11–10. அப்போது டச் டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு, 5 புள்ளி, அதன் பிறகு அடிக்கும் உதைக்கு 1. அந்த ஒற்றை உதைதான் சீசனைக் காப்பாற்றியது. நடுவர்கள் ஓரவஞ்சனை செய்தார்கள் என்று ஹைஸ்மன் பத்திரிகைக்கே எழுதினார். ஆட்டத்தில் கை ஓங்கியிருந்தது ஆபர்ன்தான் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஒரே ஒரு நாள் இடைவெளி. டிசம்பர் 2, அட்லாண்டாவில் வடக்கு கரோலினாவோடு கடைசி ஆட்டம். 5–0, ஒரே ஒரு ஃபீல்டு கோல், அதாவது பந்தை உதைத்து கோல் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது. ஐந்து ஆட்டப் பயணத்தை விட இந்த மூன்று நாளில் வந்த இரண்டு ஆட்டங்களைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1932-இல் எஸ்இசி என்ற பெரிய லீக் தொடங்கியபோது சுவானியும் நிறுவன உறுப்பினர். அதில் ஆடிய 37 லீக் ஆட்டத்தில் ஒன்றைக்கூட ஜெயிக்காமல் 1940-இல் விலகியது. இப்போது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில், விளையாட்டு உதவித்தொகை எதுவும் தராமல், மாணவர்களை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.